எஞ்சியோர் பங்கு

ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் காலமானால், அவர் வாங்கிவந்த உபகாரச் சம்பளத்தின் ஒரு பகுதி மறுமாதம் முதல் அவருடைய மனைவியின் பெயருக்கு வந்து சேரவேண்டும் என்பது இன்று எவரும் விவாதிக்காத நியாயமாகிவிட்டது. இந்த நியாயம் ஒரே நாளில் பிறந்ததன்று. அரசர்களின் தானமாகவும், கிழக்கிந்தியக் கும்பினியின் தருமமாகவும், சந்தாதாரர்களின் நிதியாகவும் பல பிறவிகள் எடுத்து, ஏறக்குறைய நம் கண்முன்னேதான் அது உரிமை என்ற நிலையை எய்திற்று. அந்த நீண்ட பயணத்தில், தாம் அனுபவிக்கப் போகாத ஒரு பயனுக்காகப் பிறர் சிலர் திரும்பத் திரும்பப் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதே இச்சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம்.

தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலான இராஜராஜேச்சரத்தில் பணிபுரிவதற்காகச் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட ஆடல் மகளிர் 400 பேரை வரவழைத்துக் குடியேற்றிய முதலாம் இராஜராஜன், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுதோறும் 100 கலம் நெல் விளைவுள்ள பங்கும் நிவந்தமாக ஏற்படுத்தினான். நட்டுவர், மேளக்காரர், கணக்கர், தச்சர், தையற்காரர், நாவிதர் என்று கோயிலைச் சார்ந்து வாழ்ந்த மற்றவர்களுக்கும் பங்குகள் வகுத்தான். சாஸனம் அத்தோடு நிற்கவில்லை. அவர்களில் ஒருவர் இறந்தாலோ வேற்று நாடு சென்றாலோ, அவருக்கு அடுத்த உரிமையுள்ள உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்யவேண்டும் என்றும், அவ்வுறவினர்க்குத் தகுதியில்லையாயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணியைச் செய்விக்கவேண்டும் என்றும், அத்தகைய உறவினரே இல்லாதபோது அதே பணியிலுள்ள மற்றவர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்துகொள்ளவேண்டும் என்றும் அது விதிக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் ஆடல் மகளின் மரணத்துக்குப் பின் அவள் வீட்டு நெற்குதிர் என்ன ஆகும் என்று யோசித்து, அதற்கு மூன்று நிலைகளில் விடை எழுதிவைத்த அந்தச் சோழ நிர்வாகத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

போர்க்களத்திலோ ஆநிரை மீட்கும் பூசலிலோ உயிர்விட்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். அவன் நினைவாக ஊரார் நடுகல் நிறுத்தினார்கள். அவன் மக்கள் பசியாற நிலமும் விட்டார்கள். நடுகற்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் கல்லின் பின்னே பிழைத்திருந்த குடும்பத்தை நடத்திய வயலைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஆயினும் இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் எல்லை உண்டு. கோயிற்காணி வேலையோடு ஒட்டியது. குடும்பத்தில் யாரேனும் அவ்வேலையைத் தொடர்ந்தோ தொடரச் செய்தோ ஆகவேண்டும். உதிரப்பட்டியோ வீரமரணத்துக்கு உரியது. காய்ச்சலில் படுத்து மாண்டவனின் மனைவிக்கு அதில் இடமில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் கூட்டுக்குடும்பத்தின் ஓரத்தில் ஒரு வேளைச் சோறும், ஜீவனாம்சம் என்ற பெயரில் மைத்துனர்மார் மனம்போல் அளந்த படியுமே ஆகும்.

கணக்குப் போட்டு, நிதி சேர்த்து, எஞ்சியிருக்கும் மனைவிக்கு ஆண்டுதோறும் நிச்சயமான தொகை தரமுடியும் என்று முதன்முதலில் நிரூபித்துக் காட்டியவர்கள் ஸ்காத்லாந்து தேசத்துத் திருச்சபைப் போதகர்கள். அலெக்சாண்டர் வெப்ஸ்டர், ராபர்ட் வாலஸ் என்ற இரு போதகர்கள், தம் சகோதரப் போதகர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கக்கூடும், எத்தனை விதவைகள் எஞ்சுவர், அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்வர் என்பதையெல்லாம் ஊர் ஊராக விசாரித்துத் தொகுத்து, காலின் மக்லாரின் என்ற கணித மேதையிடம் காட்டிச் சரிபார்த்து, 1744இல் ஒரு நிதியை நிறுவினார்கள். போதகர் செலுத்தும் சந்தாவின் அளவுக்கேற்ப அவர் மனைவிக்கு ஆண்டுக்கு 10 பவுன் முதல் 25 பவுன் வரை கிடைக்கும். அதே 1744ஆம் ஆண்டில்தான் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞன் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினான்.

இந்தியாவில் கும்பினிச் சேவையில் மாண்டவர்களின் மனைவியர்க்கு என்று ஏற்பட்ட பெரிய நிதி அந்தக் கிளைவின் பெயரையே தாங்கியது. வங்காள நவாப் மீர் ஜாபர் 1765இல் காலமானபோது கிளைவுக்கு 5 லட்சம் ரூபாய் விட்டுச்சென்றார். கும்பினி உத்தியோகஸ்தர்கள் வெகுமதி வாங்கலாகாது என்று தடை பிறந்திருந்த சமயம். அத்தொகையைத் தாமே வைத்துக்கொள்வது சங்கடமாகையால், கிளைவ், அங்கஹீனமான படைவீரர்களுக்கும் இறந்தவர்களின் மனைவியர்க்கும் உதவும் மூலதனமாக அதைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். 1770இல் அதற்கு முறையான பத்திரம் எழுதப்பட்டது. அந்த நிதி ஐரோப்பியர்க்கே உரியது. அதிலும் உதவி கோரும் அதிகாரி, தமக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தில்லை என்று பிரமாணம் செய்யவேண்டும். தருமம் என்பதன் இயல்பே அதுதான்: வாங்குகிறவர் முதலில் தம் ஏழ்மையை மெய்ப்பிக்கவேண்டும். தருமத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கும்பினியின் ஆட்சியும் அதன் பட்டாளமும் மறைந்தபின், நிதியின் நோக்கம் முடிந்துவிட்டதென்று கிளைவின் சந்ததியார் வழக்காட, 1863இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அந்த மூலதனம் அவர்களுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. வங்க நவாபின் பணம், விதவைகளின் பெயரால் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்துவிட்டு, ஒரு பிரபு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கும்பினிப் பட்டாளத்தின் இந்தியச் சிப்பாய்க்கு வேறு வழி இருந்தது. சென்னைப் பட்டாளத்தில், இறந்த சிப்பாயின் சிறு பையனைப் பேரேட்டில் சேர்த்துக்கொண்டு, சிறு சம்பளம் கொடுத்து வளர்த்து, வயது வந்ததும் அவனையும் சிப்பாயாக்கும் வழக்கம் இருந்தது. தந்தையின் பங்கைப் பெறுவதற்கு மகன் தன்னையே தரவேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கச்சேரிகளும் பள்ளிகளும் பெருகி, கிராமத்துக் கூட்டுக்குடும்பத்தை விட்டுப் பட்டணத்துக் குடித்தனத்துக்கு வந்த குமாஸ்தாவும் வாத்தியாரும் தோன்றியபோது, பிரச்சினை புது உருவம் கொண்டது. மாதச் சம்பளத்தை நம்பிய அந்தச் சிறு குடும்பத்தில், சம்பளக்காரர் போனால் மறுநாள் அடுப்புக்கு வழியில்லை. ஓய்வூதியம் இருந்தால் அதுவும் அவருடைய மூச்சோடு முடிந்துவிடும். 1871ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டமோ, சர்க்கார் தரும் உபகாரச் சம்பளத்தைக் குறித்துச் சிவில் நீதிமன்றத்தில் எவரும் தாமாக வழக்காட இயலாதபடி வாயிலை அடைத்து, கலெக்டரின் சான்று பெற்றவரையே உள்ளே விட்டது. கடன்காரன் அதைப் பற்ற முடியாது என்ற பாதுகாப்பை அதே சட்டம் அளித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் கொடுப்பவரின் கருணை என்பதே அதன் ஆதாரக் கொள்கை.

அச்சட்டம் வந்த மறு ஆண்டே, 1872இல், கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் முன்னின்று ஹிந்து குடும்ப வருஷாசன நிதி ஒன்று தொடங்கப்பட்டது. மத்தியதர உத்தியோகஸ்தர்கள் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சந்தா செலுத்தினால், அவர்கள் காலத்துக்குப்பின் மனைவி முதலானோர்க்கு ஒழுங்காக மாதத்தொகை வரும். 1856இல் விதவா விவாகச் சட்டம் நிறைவேறக் காரணராயிருந்த அந்த மகான், மறுமணத்தை விரும்பாத அல்லது அதற்கு வழியற்ற எண்ணற்ற பெண்களின் சோற்றுக்கும் வழி தேடினார். சட்டத்தால் வந்த புகழ் அவரை எல்லாப் பாடப்புத்தகங்களிலும் நிறுத்தியிருக்கிறது. இந்த நிதியைப் பற்றிய நினைவு மங்கிவிட்டது. பின்னர் நிர்வாகத்தில் ஏற்பட்ட அபிப்பிராய பேதத்தால் அவர் விலகிக்கொண்டார் என்றாலும், சந்தாதாரர்கள் கூடித் தம் குடும்பங்களைத் தாமே காத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தை அம்முயற்சி நம்மவர்க்கு அளித்தது. 1884இல் தபால் இலாகா தன் ஊழியர்க்கென ஆயுள் இன்ஷூரன்ஸ் தொடங்கியதும், 1894இல் அதை அந்த இலாகாவின் பெண் ஊழியர்க்கும் விரித்ததும் இதே காலத்து நன்முயற்சிகள்.

சுதந்திரம் வந்தபின் 1950ஆம் ஆண்டின் தாராளப் பென்ஷன் விதிகள் முதல்முறையாகக் குடும்ப ஓய்வூதியம் என்பதைப் பொதுவான ஏற்பாடாக்கின. ஆனால் அந்தத் தாராளம் எத்தகையது என்பதை உற்று நோக்கவேண்டும். நீண்ட காலம் சேவை செய்தவரின் குடும்பத்துக்கே அது உரியது. அதுவும் பத்தாண்டுக்கு மேல் இல்லை. அந்தப் பத்தாண்டும், அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்தோ பெற்றிருக்கவேண்டிய நாளிலிருந்தோ ஐந்தாண்டுகளைத் தாண்டலாகாது. ஓய்வு பெற்ற ஆறாவது மாதத்தில் கணவர் இறந்தால் மனைவிக்கு நாலரை ஆண்டு கிடைக்கும். ஐந்தாண்டு கழித்து ஒரு மாதம் அதிகமாக அவர் உயிர் வாழ்ந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. கணவரின் ஆயுள் நீள நீள மனைவியின் பங்கு தேய்ந்தது. வயது ஏற ஏற அவளுக்கு ஆதரவு அதிகம் தேவை என்ற சாமானிய உண்மைக்கு நேர்மாறாக அவ்விதி அமைந்திருந்ததை எண்ணும்போது, எழுதியவர்கள் கஜானாவை நினைத்த அளவுக்கு அந்தக் கிழவியை நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1964 ஜனவரி 1 முதல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த திட்டம்தான் மனைவிக்கு ஆயுள் முழுவதும் பங்கு என்ற கொள்கையை நிலைநாட்டியது. சம்பளம் 200 ரூபாய்க்குக் கீழானால் அதில் 30 சதவிகிதம், குறைந்தது 25 ரூபாய். அதற்கு மேற்பட்டவர்க்கு 15 சதவிகிதம். 800 ரூபாயும் அதற்கு மேலும் வாங்கியவர்க்கு 12 சதவிகிதம், உச்சவரம்பு 150 ரூபாய் என்று விகிதம் வகுத்தார்கள். 150 ரூபாய்க் குமாஸ்தாவின் மனைவிக்கு மாதம் 45 ரூபாய். சிறியவர்க்கு அதிக விகிதமும் பெரியவர்க்குக் குறைந்த விகிதமும் வைத்தது உத்தமமான செயல். ஆனால் அதற்கு விலையாக, ஊழியர் தமக்கு வரும் பணிக்கொடையில் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை விட்டுக்கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் பணிக்கொடையையே நம்பியிருந்த பலருக்கு அந்த இரண்டு மாதச் சம்பளம் பெரிய தொகை. திட்டத்தில் சேராமல் விலகி நின்றவர்களும் இருந்தார்கள். அதற்கு முன்னரே ஓய்வு பெற்றோ இறந்தோ போனவர்களின் குடும்பங்களோ திட்டத்துக்கு வெளியிலேயே நின்றன.

1977 செப்டம்பர் 22 முதல் அந்த நிபந்தனை ரத்தாயிற்று. இனிப் பணம் செலுத்தாமலே குடும்ப ஓய்வூதியம் உண்டு என்றார்கள். அப்படியானால், 1964க்கு முன் போனவர்களின் மனைவியரையும் பணம் கட்டாமல் விலகியவர்களின் மனைவியரையும் ஏன் இன்னும் வெளியே நிறுத்தவேண்டும்? இந்தக் கேள்வி எழுவதற்கான தளத்தை வேறொரு வழக்கு அமைத்தது. ராணுவ இலாகாவில் நிதி ஆலோசகராயிருந்து 1972இல் ஓய்வு பெற்ற டி. எஸ். நகாரா, வேறு சிலரோடும் எச். டி. ஷௌரி நிறுவிய 'காமன் காஸ்' சங்கத்தோடும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1979 மார்ச் 31 என்ற தேதியைக் கோடாகக் கிழித்து, அதற்குப் பின் ஓய்வு பெற்றோர்க்கு மட்டும் உயர்ந்த கணக்கு என்று வகுத்தது நியாயமன்று என்பது அவர்கள் வாதம். 1982 டிசம்பர் 17ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கித் தரும் இனாம் அல்லவென்றும், ஆற்றிய பணிக்கு ஈடான உரிமை என்றும் உறுதிப்படுத்தியது. அந்த நாளையே ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில்தான் விதவைகளின் வழக்கு நடந்தது. நகாரா அமர்வில் இருந்த நீதிபதி டி. ஏ. தேசாய் 1985இல் வழங்கிய தீர்ப்பினால், வெளியே நிறுத்தப்பட்டிருந்த குடும்பங்களுக்கும் 1977 செப்டம்பர் 22 முதல் கணக்கிட்டுக் குடும்ப ஓய்வூதியம் கிடைத்தது. கணவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு காசும் கிடைக்காமல் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்கள், தம் முதுமையில் முதல்முறையாகத் தபால்காரரை எதிர்பார்த்தார்கள். இதைப் போல மனநிறைவு தரும் நிகழ்ச்சி நம் நிர்வாகச் சரித்திரத்தில் அதிகமில்லை என்பேன். ஓய்வு பெற்றபின் மணம் செய்துகொண்டவரின் மனைவிக்கும் பங்குண்டு என்று 1989இலும், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தாகாது, ஆகவே அதை உயில் எழுதித் திசைதிருப்ப முடியாது என்று 1991இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தக் கடைசித் தீர்ப்பின் ஆழம் கவனிக்கத்தக்கது: மனைவியின் பங்கு கணவன் கொடுப்பதன்று, விதியே அவளுக்கு நேராகக் கொடுப்பது.

இத்தனை தெளிவாக உரிமை எழுதப்பட்ட பிறகும், அது வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது வேறு காரியம் என்பதை அண்மையில் நேரில் கண்டேன். இளமை முதல் என்னோடு பணியாற்றிய நண்பர், ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே மாரடைப்பால் காலமானார். இறந்துபோன அலுவலகத் தோழர்கள் பலருடைய வீட்டுக்கு அவர்தான் படிவங்களைத் தூக்கிக்கொண்டு போவார். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பார். கருவூலத்தில் எந்த மேஜையில் எந்தக் கோப்பு உறங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் வீட்டில் அழைக்கும் பெயராகவும், ஆதார் அட்டையிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்துப் பெயராகவும் இருந்தது. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவேண்டியதாயிற்று. கூட்டாக எடுத்த புகைப்படம் இருந்தது, ஓய்வூதியக் கணக்கோ அவர் ஒருவர் பெயரில் இருந்தது. இறப்புக்குப் பின் வரவான ஒரு மாதத் தொகையை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. அது முறைதான் என்றாலும், காரியம் முடியாத வீட்டில் அதை விளக்கிச் சொல்லுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொன்னவர்கள் அறிவார்கள். "அண்ணா, அவர் இருந்தால் இதையெல்லாம் அவரே பார்த்திருப்பாரே!" என்று அந்த அம்மாள் சொன்னபோது எங்களில் எவருக்கும் பதில் பேச நா எழவில்லை. நாங்கள் சிலர் மாறி மாறி அலைந்தோம். ஓய்வு பெற்ற சில மாதங்களில் மறைந்தவரின் மனைவிக்கு, முதல் சில ஆண்டுகள் உயர்ந்த விகிதத்தில், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதிவரை கிடைக்கும் என்பதும், அவர் தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கம்யூட்டேஷன் என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தாலும் குடும்பப் பங்கில் அதற்காகப் பிடித்தம் கூடாது என்பதும் அவ்வம்மையார்க்குத் தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

சர்க்கார் உத்தியோகத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மெலிந்தது. ஆலைகளிலும் கம்பெனிகளிலும் உழைத்தவர்க்கு 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. அவர்கள் குடும்பங்களுக்கென ஓய்வூதியத் திட்டம் 1971 மார்ச்சில்தான் பிறந்தது. 1995 நவம்பரில் அது இன்றுள்ள திட்டத்தில் கலந்தது. அதில் குறைந்தபட்சத் தொகையாக மாதம் 1000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். பஞ்சாலையில் ஆயுளெல்லாம் நூலோடு நுரையீரலையும் இழைத்தவனின் மனைவிக்கு இந்தத் தொகை போதுமென்று எந்த நியாயஸ்தனும் சொல்லமாட்டான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும் மத்திய சர்க்காரில் 2004 ஜனவரி முதலும் சேர்ந்தவர்க்குப் பழைய முறை நிறுத்தப்பட்டு, பங்களிப்பு முறை வந்ததனால், அரை நூற்றாண்டு போராடி வென்ற நிச்சயம் மறுபடியும் ஆட்டம் கண்டது. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில், ஓய்வூதியத்தில் 60 சதவிகிதம் வாழ்க்கைத்துணைக்கு என்று மீண்டும் உறுதி கூறியிருப்பது, அந்த நிச்சயத்தை மக்கள் எவ்வளவு வலிமையாகக் கேட்டார்கள் என்பதையே காட்டுகிறது.

இதைப் படிக்கும் அன்பர்களில் ஓய்வு பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் அல்லது கணவரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரத்திலேயே எடுத்துப் பாருங்கள். கணக்கை இருவர் பெயரிலும் மாற்றுங்கள். காகிதங்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்று அவர்க்குக் காட்டுங்கள். உடன் பணியாற்றிய ஒருவர் மறைந்தால், துக்கம் விசாரித்துத் திரும்பிவிடாமல், அடுத்த வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய், கருவூலத்துக்கோ வங்கிக்கோ அந்தக் குடும்பத்துக்குத் துணையாக ஒருமுறை சென்று வாருங்கள்.